பச்சை வாந்திக்கு விடியும் வரை நேரமில்லை

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா தினமும் என்னிடம்தான் கேட்கிறாள். அவளுக்கு நேரடியாக ஒரு போன் போடு.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் போனில் ஒற்றை வரியில் பதில் சொல்லி வைத்துவிட்டேன். அது ஒற்றை வரியில் முடிகிற சங்கதி இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம். நீ கேட்டது இதுதான்: "அக்கா, பிறந்து நாலு நாள் ஆன பிள்ளை. பச்சையா வாந்தி எடுக்குதுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு கேசுவாலிட்டியில இருந்து கூப்பிடுறாங்க. வயிறு உப்பல. எக்ஸ்ரேயும் நல்லாத்தான் இருக்கு. கான்ட்ராஸ்ட் ஸ்டடியைக் காலையில சார் வந்த பிறகு வச்சுக்கக் கூடாதா?"

கூடாது, தம்பி. நம் ரேடியாலஜி துறையில் காலை வரை பொறுக்கக்கூடிய படங்கள் நிறைய உண்டு. இது அதில் சேராது. ஏன் என்று குடல் உருவாகும் இடத்திலிருந்தே சொல்கிறேன். முதலாண்டு பி.ஜி.க்கு இதெல்லாம் பாடத்தில் வருவதுதான். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு எது முதலில் நினைவுக்கு வர வேண்டுமோ அந்த வரிசையில் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

கருவின் ஆறாவது வாரத்தில் குடல் வேகமாக நீளும். வயிற்றுக்குள் அதற்கு இடம் போதாது. அதனால் தொப்புள்கொடிக்குள் வெளியேறி அங்கே வளரும். பத்தாவது வாரத்தில் திரும்ப உள்ளே வரும். இந்தப் போக்குவரத்தின்போது குடலுக்கு ரத்தம் கொடுக்கும் எஸ்.எம்.ஏ. தமனியை அச்சாக வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மொத்தம் 270 பாகை சுழலும். அப்படிச் சுழன்று முடித்தால்தான் டி.ஜே. சந்தி, அதாவது டியோடினம் முடிந்து ஜெஜுனம் தொடங்கும் இடம், முதுகெலும்புக்கு இடப்பக்கம் மேலே போய் நிற்கும். பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வலப்பக்கம் கீழே இறங்கும். இந்த இரண்டு முனைக்கும் நடுவே, வயிற்றின் பின்சுவரில் குறுக்காக நீண்ட ஒரு கோட்டில், குடலைத் தாங்கும் மெசென்டரி ஒட்டிக்கொள்ளும். கொடியில் காயும் வேட்டிக்கு இரண்டு ஓரத்திலும் கிளிப் போட்டிருந்தால் எந்தக் காற்றிலும் அது முறுக்கிக்கொள்ளாது. இரண்டு கிளிப்பும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு காற்றுக்கே கயிறாகிவிடும். சுழற்சி பாதியில் நின்ற பிள்ளையின் குடல் அப்படித்தான் ஒரு குறுகிய காம்பில் தொங்குகிறது. மால்ரொட்டேஷன் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அந்தக் காம்பு முறுக்கினால் வால்வுலஸ். ஜெஜுனத்தின் தொடக்கத்திலிருந்து பெருங்குடலின் நடுப்பகுதி வரைக்கும் ரத்தம் கொடுப்பது எஸ்.எம்.ஏ. என்ற அந்த ஒரே தமனி. முறுக்கில் முதலில் சிரை அடைபடும், குடல் வீங்கும், பிறகு தமனியும் அடைபடும். ஒரு ராத்திரிக்குள் சிறுகுடல் முழுவதும் கருத்துப்போகலாம். அப்படிக் குடலை இழந்த பிள்ளை பிழைத்தாலும், சிரை வழியாக ஏற்றும் ஊட்டத்தை நம்பி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வாழ வேண்டியிருக்கும். காலையில் செய்யப்போகும் அதே ஸ்டடியை ராத்திரியே செய்தால் அந்தக் குடல் மிஞ்சும். வித்தியாசம் அவ்வளவு பெரியது.

வாந்தி ஏன் பச்சை? பித்தநாளம் டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் திறக்கிறது. அதற்குக் கீழே அடைப்பு இருந்தால் பித்தம் மேலே ஏறி வரும். பால் கக்குவது பச்சைப்பிள்ளைக்கு இயல்பு. பச்சையாகக் கக்குவது இயல்பில்லை. பச்சையாகக் கக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் அறுவை தேவைப்படாது என்பதும் உண்மைதான். கிருமித்தொற்றில் குடல் ஓய்ந்துபோனாலும் இப்படி வரும். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. நீ சொன்னாயே, வயிறு உப்பவில்லை என்று? அடைப்பு அவ்வளவு மேலே இருந்தால் வயிறு உப்பாது. உப்ப வேண்டிய குடல் அடைப்புக்குக் கீழே வெறுமையாகக் கிடக்கிறது. உப்பி, இறுகி, மலத்தில் ரத்தம் வந்தால் குடல் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எக்ஸ்ரே நன்றாக இருப்பதும் ஆறுதல் இல்லை. வால்வுலஸ் உள்ள பிள்ளைக்குச் சாதாரண எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாகத் தோன்றலாம். இதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் போனில் கேட்டதோடு நிறுத்தாதே, பிள்ளையிடம் போ. வாந்தி பட்ட துணியைக் கேட்டு வாங்கிப் பார். "மஞ்சளா எடுத்துச்சு" என்று சொல்லும் அம்மாவிடம் துணியை விரித்தால் இலைப்பச்சையாக இருக்கும். எப்போது தொடங்கியது என்று கேள். உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டி எடுத்திருப்பார்கள், வசம்பு உரசிக் கொடுத்திருப்பார்கள். அதற்காக யாரையும் அதட்டாதே. பிள்ளை அழுகிறதே என்ற தவிப்பில், தெரிந்த வழியில் செய்தது அது. அதட்டினால் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் வராது.

இரண்டாவது, பிள்ளையின் நிலை. நிறம் வெளுத்து, கைகால் சில்லிட்டு, வயிறு இறுகி இருந்தால் படமே வேண்டாம். பீடியாட்ரிக் சர்ஜன் நேராகத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டிய பிள்ளை அது. அங்கே உன் வேலை குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். ஒரு ஸ்டடிக்காக அந்தப் பிள்ளையை மேசையில் கிடத்தி வைப்பது தவறு.

நிலை தாங்கும் என்றால் முதலில் அல்ட்ராசவுண்டை எடு. ஜெல்லை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொள். ஏ.சி.யைக் குறைக்கச் சொல். பச்சைப்பிள்ளை உடல் சூட்டை நொடியில் இழந்துவிடும். நம் அறைகள் மெஷினுக்காகக் குளிர்விக்கப்பட்டவை, பிள்ளைக்காக இல்லை. புரோபை மேல்வயிற்றில் குறுக்காக வை. எஸ்.எம்.ஏ.வுக்கு வலப்பக்கம் எஸ்.எம்.வி. சிரை இருக்க வேண்டும். இடம் மாறியிருந்தால் சந்தேகப்படு. மாறாமல் இருந்தால் மட்டும் நிம்மதியடைந்துவிடாதே. மால்ரொட்டேஷன் உள்ள பிள்ளைகளிலும் சிலருக்கு அவை சரியான பக்கத்திலேயே இருக்கும். பிறகு புரோபை மெல்லக் கீழே நகர்த்து. சிரையும் மெசென்டரியும் தமனியைச் சுற்றிக் கடிகாரத் திசையில் சுழித்துக்கொண்டு இறங்கினால் அதுதான் நீ தேடிய சுழி. கலர் டாப்ளர் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதைக் கண்டுவிட்டால் கான்ட்ராஸ்டுக்கு நேரம் செலவழிக்காமல் சர்ஜனைக் கூப்பிடு. டியோடினத்தின் மூன்றாம் பகுதி, எஸ்.எம்.ஏ.வுக்கும் அயோர்ட்டாவுக்கும் இடையே கடந்து போகிறதா என்றும் பார்த்துவிடு. போகிறது என்றால் சுழற்சி சரியாக நடந்திருக்க வாய்ப்பு அதிகம். குடலில் காற்று நிறைந்து எதுவும் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்று எழுது. "இயல்பு" என்று எழுதாதே. அந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் ஒரு பிள்ளையின் குடல் இருக்கிறது.

அல்ட்ராசவுண்டில் முடிவு கிடைக்காவிட்டால் அப்பர் ஜி.ஐ. கான்ட்ராஸ்ட் ஸ்டடி. சீனியரை எழுப்பத் தயங்காதே. எழுப்பினால் கோபிப்பார் என்ற பயத்தில் இருக்கிற பி.ஜி.க்கு நான் சொல்வது, எழுப்பாததற்குத்தான் கோபிக்க வேண்டும் என்பது. மூக்குக்குழாய் வழியாக இரைப்பையில் இருப்பதை முதலில் உறிஞ்சி எடுக்கச் சொல். மூச்சுக்குழலில் போனாலும் அதிகம் கெடுக்காத, ஆஸ்மாலிட்டி குறைந்த அயோடின் மருந்தைப் பயன்படுத்து. கேஸ்ட்ரோகிராஃபின் இந்த வேலைக்கு ஆகாது. அது நுரையீரலில் போனால் நீரை இழுத்து நுரையீரலையே நனைத்துவிடும். பிள்ளையை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வை. மருந்து பைலோரஸைத் தாண்டி டியோடினத்தில் பின்னோக்கிப் போவதைப் பக்கவாட்டில் பார். தாண்டிய உடனே மல்லாத்து. நேராக மல்லாத்து: இரண்டு பக்க விலா எலும்புகளும் சமமாகத் தெரிய வேண்டும், முதுகெலும்பு நடுவில் இருக்க வேண்டும். பிள்ளை கொஞ்சம் திரும்பியிருந்தாலும் டி.ஜே. சந்தி இல்லாத இடத்தில் இருப்பதுபோலக் காட்டும். மருந்து முதன்முறை கடந்து போகும் அந்தச் சில நொடிதான் உனக்குக் கிடைக்கும். ஜெஜுனம் நிறைந்துவிட்டால் அது சந்தியை மறைத்துவிடும். பிறகு எத்தனை படம் எடுத்தாலும் பயனில்லை.

டி.ஜே. சந்தி முதுகெலும்பின் இடது பெடிக்கிளுக்கு இடப்பக்கம், டியோடினத்தின் முதல் பகுதியின் உயரத்துக்கு வந்து நின்றால் அது சரியான இடம். வலப்பக்கமே இறங்கிவிட்டால் மால்ரொட்டேஷன். திருகாணிபோலச் சுற்றிச் சுற்றி இறங்கினால் வால்வுலஸ். இரண்டுக்கும் நடுவே, அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நிற்கும் சந்திகள்தான் கஷ்டம். பச்சைப்பிள்ளைக்கு அந்த இடத்தின் பிடிப்பு தளர்ந்தது. உப்பிய குடலோ மூக்குக்குழாயோ அதைத் தள்ளிவிட முடியும். அப்போது மருந்து சீக்கத்தை எட்டும்வரை இருந்து, சீக்கம் எங்கே இருக்கிறது என்று ஒரு படம் எடு. சீக்கம் வலப்பக்கம் கீழே இருப்பதால் மட்டும் மால்ரொட்டேஷன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கும் சந்திக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தால் சர்ஜனின் முடிவுக்கு அது உதவும். ஒவ்வொரு படத்துக்கும் கதிர்வீச்சு உண்டு என்பதை மறவாதே. தொடர்ச்சியாக ஃப்ளூரோவை ஓட்டாமல் விட்டு விட்டுப் பார். பார்க்க வேண்டிய வயிற்றளவுக்குக் கதிர்க்கற்றையைச் சுருக்கு.

சர்ஜன் அதன் பிறகு செய்யும் அறுவைக்கு லாட் ஆபரேஷன் என்று பெயர். பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை செய்த வில்லியம் லாட் இதை 1936இல் விளக்கி எழுதினார். 1917 டிசம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஊரே நாசமானபோது உதவிக்குப் போன மருத்துவர்களில் அவரும் ஒருவர். அங்கே காயப்பட்ட பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் குழந்தை அறுவைக்கே தன்னைக் கொடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அவர் காட்டிய வழி எளிமையானது. முறுக்கைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அவிழ்ப்பது, டியோடினத்தை அழுத்தும் நார்ப்பட்டைகளை வெட்டுவது, மெசென்டரியின் காம்பை அகலப்படுத்துவது, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் பரப்பி வைப்பது, குடல்வாலை எடுத்துவிடுவது. குடலை அதன் இயல்பான இடத்துக்குக் கொண்டுவர யாரும் முயல்வதில்லை. இன்னொரு முறை முறுக்காமல் இருந்தால் போதும். இவ்வளவு நல்ல வைத்தியம் இருந்தும் ஒரு பிள்ளை குடலை இழக்கிறது என்றால் பெரும்பாலும் அது நேரத்தில் தோற்றதுதான்.

அப்படித் தோற்றதை நான் பார்த்திருக்கிறேன். வெளியூர் நர்சிங் ஹோம் ஒன்றில் ஒருநாள் முழுக்க "பால் சேரல" என்று சொட்டு மருந்து கொடுத்து வைத்திருந்த பெண்பிள்ளை. அங்கே எடுத்த எக்ஸ்ரே கையோடு வந்தது, அதில் இயல்பு என்று எழுதியிருந்தது. நான் புரோபை வைத்தபோது சுழி தெரிந்தது, மூன்று சுற்று. தியேட்டரில் வயிற்றைத் திறந்தபோது மிஞ்சியது ஜெஜுனத்தில் சில சென்டிமீட்டர்தான். அதே மாதத்தில் இன்னொரு பிள்ளை, ஆண். ஒரு கிராமத்து நர்ஸ் துணியில் பச்சையைப் பார்த்தவுடன் 108ஐக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளைக்கும் முறுக்கு இருந்தது. அவிழ்த்துவிட்டு வெந்நீர்த்துணியால் மூடிக் காத்திருந்தபோது குடல் நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்பியதாக சர்ஜன் வெளியே வந்து சொன்னார். இரண்டு பிள்ளைக்கும் நோய் ஒன்றுதான். அந்த நர்சுக்கு நம் படிப்பு இல்லை. ஆனால் அவருக்குப் பச்சை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

மற்றப் பிறவிக் குறைபாடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், குழப்பிக்கொள்ளாமல் இருக்க.

டியோடினம் பிறவியிலேயே மூடியிருந்தால் எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக்குமிழ் தெரியும், இரைப்பை ஒன்று, டியோடினம் ஒன்று. அதற்குக் கீழே காற்றே இல்லை என்றால் கான்ட்ராஸ்ட் வேண்டாம். காற்றே வேலையைச் செய்துவிட்டது. இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். ஆனால் இரண்டு குமிழும் தெரிந்து கீழேயும் காற்று இருந்தால் எச்சரிக்கையாக இரு. அடைப்பு முழுமையானதல்ல என்று பொருள். வால்வுலஸ் இல்லை என்று காட்டும்வரை அதை வால்வுலஸாகவே நடத்து.

ஜெஜுனமும் இலியமும் அடைபட்டுப் பிறப்பது வேறு காரணத்தால். கேப் டவுனில் சர்ஜன்கள் லூவும் கிறிஸ்டியான் பர்னார்டும் 1955இல் இதை நிறுவினார்கள். கருப்பையில் இருந்த நாய்க்குட்டிகளின் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டினார்கள். குட்டிகள் அடைபட்ட குடலோடு பிறந்தன. குடல் உருவான பிறகு ரத்தம் நின்றதால் வரும் குறை இது என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னாளில், 1967இல், உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தவர் அந்த பர்னார்டுதான். இப்படி அடைபட்ட குடலோடு பிறக்கும் பிள்ளைகளின் எக்ஸ்ரேயில் பல குடல் வளையங்கள் உப்பித் தெரியும். சிறுகுடலா பெருங்குடலா என்று எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்காதே. பச்சைப்பிள்ளையில் பிரித்தறிய முடியாது. கான்ட்ராஸ்ட் எனிமா கொடுத்தால் பயன்படாமல் மெலிந்து கிடக்கும் பெருங்குடல் தெரியும்.

பிறந்து 48 மணி நேரம் ஆகியும் காட்டுப்பீ கழிக்காத பிள்ளைக்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயை நினை. கோபன்ஹேகனில் இருந்த ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் பெர்லினில் எடுத்துச் சொன்னது. கடைக்குடலில் நரம்பணுக்கள் இல்லாததால் அந்தப் பகுதி தளராது. எனிமா ஸ்டடிக்கு முன் மலக்குடலைக் கழுவ விடாதே, விரல் பரிசோதனையும் வேண்டாம் என்று சொல். குறுகிய பகுதி விரிந்து உன்னை ஏமாற்றிவிடும். குழாய் நுனி ஆசனவாய்க்குச் சற்று உள்ளே இருந்தால் போதும், பலூன் ஊதாதே. முதல் துளி மருந்து போகும்போதே பக்கவாட்டில் படம் எடு. மலக்குடல், சிக்மாய்டைவிடக் குறுகியிருந்தால் குறித்துக்கொள். ஆனால் முடிவு சொல்வது பயாப்ஸிதான்.

ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் பிள்ளையை முன்பெல்லாம் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். 1930இல் வாங்கன்ஸ்டீனும் ரைஸும் எழுதிய முறை. இன்று குப்புறப் படுக்க வைத்து, இடுப்பை உயர்த்தி, பக்கவாட்டில் எடுக்கிறோம். விழுங்கிய காற்று கடைக்குடலை எட்ட ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும் என்பதால் அதற்கு முன் அவசரப்படாதே. அந்த நேரத்தில் சிறுநீரகத்தையும் முதுகுத்தண்டையும் ஸ்கேன் செய், இதய எக்கோவுக்குச் சொல். பெரும்பாலும் இந்தக் குறை தனியாக வருவதில்லை. பார்த்தாயா, இங்கே பொறுப்பதுதான் நல்ல வைத்தியம். எதற்குப் பொறுக்கலாம், எதற்குக் கூடாது என்று பிரித்தறிவதுதான் ராத்திரி டூட்டியில் உன் முழு வேலை.

இன்னும் ஒன்று. படம் முடிந்ததும் ரிப்போர்ட்டை எழுதி ஃபைலில் வைத்துவிட்டுப் போய்விடாதே. சர்ஜனை நீயே கூப்பிட்டுப் பேசு. எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னாய் என்று ரிப்போர்ட்டில் எழுது. பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் போய், குடல் முறுக்கியிருக்கிறது, ஆபரேஷன் உடனே வேண்டும், சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்று நம் ஊர்த் தமிழில் சொல். "வால்வுலஸ்" என்று சொன்னால் அவருக்கு எதுவும் போய்ச் சேராது, கையெழுத்துப் போட வேண்டிய பேனாவைப் பிடித்துக்கொண்டு யாரையாவது கேட்டுச் சொல்கிறேன் என்று ஊருக்குப் போன் செய்வார். அதில் ஒரு மணி நேரம் போகும்.

நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. கேட்காமல் காலைக்கு ஒத்திப்போடுகிற ஆள்களை நான் பார்த்திருக்கிறேன். நீ கேட்டாய். அதனால்தான் இவ்வளவு எழுதினேன். உன்னோடு டூட்டி பார்க்கும் மற்றப் பி.ஜி.க்களுக்கும், பிரசவ வார்டு நர்சுகளுக்கும் இதைச் சொல். அவர்கள்தான் அந்தத் துணியை முதலில் பார்ப்பவர்கள். பச்சையாக வாந்தி எடுக்கிறது என்று எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும், மறுகேள்வி கேட்காமல் எழுந்து போ.

அன்புடன்,
அக்கா